சாவி வாங்கி ஐந்தாண்டு நிறையப்போகிறதா? மழைக்கு முன் ஒரு முறை, மழையில் ஒரு முறை வீட்டைச் சோதியுங்கள்

கேள்வி இதுதான்: சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் தளத்தில் வீடு. சாவி கைக்கு வந்து வருகிற ஏப்ரலில் ஐந்தாண்டு நிறைகிறது. படுக்கையறைச் சுவரின் அடிப்பக்கம் பெயின்ட் உரிகிறது. பால்கனியின் மேல்தளத்தில் ஒரு விரிசல். கேட்டால் பில்டரின் ஆட்கள், "ஒப்பந்தப்படி ஓராண்டுதான் பொறுப்பு" என்கிறார்கள். இந்த நிலையில் பொறியாளரை வைத்து வீட்டைச் சோதிப்பது செலவுக்குத் தகுமா, எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

தகும். அதுவும் இப்போதே, பருவமழை தொடங்குவதற்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள். மார்ச் வரை தள்ளிப்போட்டால் கோடையில்தான் சோதிப்பீர்கள். சுவரெல்லாம் காய்ந்து, கசிவு இருந்த சுவடே தெரியாது. ஐந்தாண்டு முடியும் தேதியை வைத்துக் கணக்குப் போடாமல், அதற்கு முன்னால் வரும் கடைசி மழைக்காலத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

முதலில் அந்த "ஓராண்டு" பேச்சை முடித்துவிடுவோம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016இன் 14ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு தெளிவாகவே இருக்கிறது. வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள், கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ பொருள்களின் தரத்திலோ செய்துதர வேண்டிய வசதிகளிலோ குறை இருப்பதாகப் பில்டரின் கவனத்துக்குக் கொண்டுசென்றால், மேற்கொண்டு பணம் வாங்காமல் 30 நாளில் அவர் அதைச் சரிசெய்ய வேண்டும். செய்யத் தவறினால் வீட்டுக்காரருக்கு இழப்பீடு பெறும் உரிமை உண்டு. இது 2017 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தச் சட்டத்துக்கு முரணான வேறு சட்டங்கள் செல்லாது என்று 89ஆம் பிரிவு சொல்லும்போது, பில்டர் அச்சடித்துக் கொடுத்த ஒப்பந்தத்தில் இருக்கும் ஓராண்டு வரி உங்கள் உரிமையைக் குறைத்துவிடாது. முதல் உரிமையாளரிடமிருந்து வீட்டை மறுவிற்பனையில் வாங்கியவருக்கும் இந்த உரிமை உண்டு. வாடகைக்கு இருப்பவருக்கு இல்லை.

இந்தப் பிரிவில் பலரும் கவனிக்காத ஒன்று, "கவனத்துக்குக் கொண்டுவருவது" என்பது. ஐந்தாண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. குறையை ஐந்தாண்டுக்குள் தெரிவித்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. ஆகவே சோதனையின் உண்மையான பயன், தேதியோடு கூடிய, இடம் குறித்த, படத்தோடு கூடிய ஒரு குறைப்பட்டியல். "வீட்டில் ஆங்காங்கே ஓதம் இருக்கிறது" என்று ஒரு வரி அனுப்பினால், பிறகு தெரியவரும் பெரிய குறை அந்த வரியில் அடங்குமா என்ற விவாதத்திலேயே மாதங்கள் ஓடிவிடும்.

எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதிலும் எச்சரிக்கை தேவை. ஒப்படைப்புக் கடிதத்தில் ஒரு தேதி இருக்கும், கிரயப் பத்திரத்தில் ஒரு தேதி இருக்கும், பணி முடிப்புச் சான்றிதழில் இன்னொரு தேதி இருக்கும். வாதம் செய்ய இடம் கொடுக்காமல், இருப்பதிலேயே முந்தைய தேதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி வீட்டுக்குள் வருவோம். உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் உறுத்தியது படுக்கையறைச் சுவரின் அடிப்பக்கம்தான். அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும் என்றே நினைக்கிறேன்.

நம் ஊர் அடுக்குமாடிகளில் குளியலறைத் தளத்தை மற்ற அறைகளின் தளத்தைவிட ஏறத்தாழ ஓர் அடி தாழ்த்திப் போடுவது வழக்கம். அந்தப் பள்ளத்துக்குள் கழிவுக் குழாய்களை ஓட்டி, உடைசெங்கல் போட்டு நிரப்பி, மேலே டைல்ஸ் பதிப்பார்கள். பள்ளத்தின் அடியிலும் பக்கங்களிலும் நீர்த்தடுப்புப் பூச்சு இருக்க வேண்டும். குழாய் இணைப்பு ஒன்றில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தாலோ, தண்ணீர் வடியும் தரைப் பொறியைச் சுற்றிப் பூச்சு சரியாக அடைக்கப்படவில்லை என்றாலோ, தண்ணீர் அந்த நிரப்புக்குள் தேங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. பள்ளம் நிரம்பிய பிறகுதான் அது வழி தேடும்: கீழ்வீட்டுக் கூரையில் பழுப்பு வட்டமாகவோ, அடுத்த அறையில் சுவரடி டைல்ஸ் பட்டையான ஸ்கர்ட்டிங்குக்கு மேலே உப்புப் பூத்தும் பெயின்ட் உப்பியும் வெளிவரும். இதற்கு இரண்டு, மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். ஓராண்டு உத்தரவாதம் என்று பில்டர்கள் பிடிவாதம் பிடிப்பது ஏன் வீட்டுக்காரருக்கு இவ்வளவு கேடு என்பது இதிலிருந்தே புரியும்.

சோதிப்பது கடினமில்லை. ஈரமானியைச் சுவரில் வைத்து, தரையிலிருந்து மேல்நோக்கி ஒவ்வோர் அரை அடிக்கும் அளவெடுக்க வேண்டும். கீழே அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைந்தும் இருந்தால் தண்ணீர் அடியிலிருந்து ஏறுகிறது என்று பொருள். பிறகு குளியலறையின் வடிகாலை அடைத்து, சாயம் கலந்த தண்ணீரைத் தரையில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஒரு நாள் முழுக்கத் தேக்கிவைத்து, கீழ்வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். அதுபோல உங்கள் மேல்வீட்டுக் குளியலறை கசிந்தால் அது உங்கள் கூரையில்தான் தெரியும். அந்தக் குறையை மேல்வீட்டுக்காரரும் தம் பட்டியலில் சேர்த்து அனுப்புவது நல்லது.

பில்டர் தரப்பு இதற்குச் செய்ய முன்வரும் வேலையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உரிந்த பெயின்டைச் சுரண்டி, பட்டி பார்த்து, புதிதாகப் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள். கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் டைல்ஸ் இடுக்குகளில் எபாக்சி அடைப்பார்கள். குழாய் இணைப்பில் கசிவு இருந்தால் இரண்டுமே வீண். டைல்ஸை உடைத்து, நிரப்பை அள்ளி, குழாயைச் சரிசெய்து, மறுபடி நீர்த்தடுப்புப் பூசி, தண்ணீர் தேக்கிச் சோதித்த பிறகே மூட வேண்டும். அந்த வேலைக்கு இன்று நீங்களே கொடுத்தால் எவ்வளவு ஆகும் என்று ஒரு பிளம்பரிடம் விசாரித்துப் பாருங்கள். சோதனைக்கான கட்டணம் சிறிதாகத் தெரியும்.

அடுத்தது பால்கனி விரிசல். விரிசல் என்றதும் பயப்படவும் வேண்டாம், "ஹேர்லைன்தான் சார்" என்பதைக் கேட்டு அடங்கவும் வேண்டாம். எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் ஓடுகிறது, வளர்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக வரும் மெல்லிய விரிசல், பெரும்பாலும் பூச்சுக்கு முன் அந்த இணைப்பில் கம்பிவலை அடிக்காததால் வருவது. ஆபத்தில்லை, ஆனால் வேலைத்தரக் குறைதான், பட்டியலில் சேர்க்கலாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசலும் சிறியதாக இருக்கும்வரை அந்த வகையே. செங்கல் வரிசைகளைப் பின்பற்றிப் படிப்படியாக ஏறி, ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் இருந்தால் அடித்தளம் ஒரு பக்கமாக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஏரியும் சதுப்பும் களிமண்ணுமாக இருந்த தென்சென்னைப் பகுதிகளில் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மாதம் ஒரு முறை படம் எடுங்கள். படத்தில் ஓர் அளவுகோலும் இருக்கட்டும். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் அதைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை.

உங்கள் விரிசல் மேல்வீட்டுப் பால்கனித் தளத்தின் அடிப்பக்கம், அதாவது தலைக்கு மேலே. அங்கே உற்றுப்பார்க்க வேண்டியது நிறத்தை. விரிசலின் ஓரத்தில் செம்பழுப்புக் கறை இருந்தால், அது நீளவாக்கில் ஏறத்தாழ ஒரே நேர்க்கோட்டில் ஓடினால், உள்ளே கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளும். முதலில் விரிசல், பிறகு சுத்தியலால் தட்டினால் வெற்றொலி, அதன் பிறகு பூச்சும் கான்கிரீட்டும் பாளமாகப் பெயர்ந்து விழும். ஐந்தாண்டில் இது தொடங்கக் கூடாது. தொடங்கியிருந்தால், கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் போதவில்லை, அல்லது கான்கிரீட்டில் உப்பு இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456, கடற்கரைச் சூழலுக்கு நேரடியாக வெளிப்படும் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் குறைந்தது 45 மில்லிமீட்டர் மூடல் வேண்டும் என்கிறது. சாதாரணச் சூழலுக்கே 20 மில்லிமீட்டர் தேவை. கம்பியைப் பலகையிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் கவர் பிளாக் வைக்காமல், கம்பியைச் சென்ட்ரிங் பலகை மேல் படுக்கவைத்துக் கான்கிரீட் கொட்டிய இடங்களில் அதில் பாதிகூட இருக்காது.

இதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கவர் மீட்டரைத் தளத்தின் மேல் நகர்த்தினால் கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும். ஓர் ஓரத்தில் சிறிது உடைத்து, புதிய முகத்தில் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், நல்ல கான்கிரீட் பளிச்சென்று ஊதாச் சிவப்பாக மாறும்; காற்றிலிருக்கும் கரியமில வாயு ஊடுருவிக் காரத்தன்மை போன பகுதி நிறம் மாறாமல் சாம்பலாகவே நிற்கும். அந்தச் சாம்பல் பட்டை சில மில்லிமீட்டர் என்றால் கவலை இல்லை. அது கம்பியைத் தொட்டுவிட்டது என்றால் கம்பிக்குக் காப்பு போய்விட்டது. சந்தேகம் இருந்தால் கான்கிரீட் தூளை எடுத்து ஆய்வகத்தில் குளோரைடு அளவு பார்க்க வேண்டும். கம்பி உள்ள கான்கிரீட்டில் கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐஎஸ் 456இன் வரம்பு. உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கலவைக்குப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்குக் கடலோரத்தில் கட்டிய எத்தனையோ கட்டடங்கள் சாட்சி. குருகிராமில் 2022 பிப்ரவரியில் ஓர் அடுக்குமாடிக் கோபுரத்தின் தளங்கள் சரிந்து இருவர் இறந்தார்கள். பிறகு ஐஐடி டெல்லி நடத்திய ஆய்வில் அந்தக் கான்கிரீட்டில் குளோரைடு இருந்ததும் கம்பிகள் துருப்பிடித்திருந்ததும் தெரியவந்தன. அது கடற்கரை ஊர் அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

ரீபவுண்ட் சுத்தியலை மட்டும் தூணில் நாலு இடத்தில் தட்டிவிட்டு, "கான்கிரீட்டுக்கு எம் 30 தர வலிமை இருக்கிறது" என்று சான்றிதழ் எழுதித்தருபவரிடம் ஏமாறாதீர்கள். அது மேற்பரப்பின் கடினத்தைத்தான் அளக்கிறது. வலிமையைக் கணிப்பதில் 25 சதவீதம் வரை முன்பின் ஆகும். கான்கிரீட்டுக்குள் ஒலியலையை அனுப்பிப் பார்க்கும் மீயொலிச் சோதனையையும் சேர்த்துச் செய்து, இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்பவர்தான் வேலை தெரிந்தவர். மீயொலியின் வேகம் நொடிக்கு 3 கிலோமீட்டருக்குக் கீழே போனால் உள்ளே தேன்கூடுபோல் பொந்துகள் இருக்கலாம்.

யாரை அழைப்பது? பில்டர் பரிந்துரைக்கும் ஆளை வேண்டாம். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திலோ (சிஎம்டிஏ) உள்ளாட்சியிலோ பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். கையெழுத்தும் பதிவு எண்ணும் அறிக்கையில் இருக்க வேண்டும். ஆய்வகச் சோதனை என்றால் தேசிய ஆய்வக அங்கீகார வாரியத்தின் (என்ஏபிஎல்) அங்கீகாரம் உள்ள இடத்தில் செய்தால் பிறகு யாரும் குறை சொல்ல முடியாது. வீட்டுச் சோதனை நிறுவனங்கள் செயலியில் அழகான அறிக்கை தருகின்றன. டைல்ஸ், கதவு, மின்சாரம், ஓதம் ஆகியவற்றுக்கு அது போதும். கட்டமைப்புக்குப் போதாது.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அந்த வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது அது ஓர் இரவுகூட அப்படியே இருக்கக் கூடாது. எர்த் இணைப்பு ஒவ்வொரு பிளக்கிலும் உண்மையில் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். துளை இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டதாக விவரப்பட்டியலில் எழுதியிருந்தால் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். டைல்ஸை நாணயத்தால் தட்டி, வெற்றொலி வரும் இடங்களைச் சாக்பீஸால் குறிக்கலாம். இதை நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம்.

வீட்டுக்கு வெளியே இருப்பவற்றை ஒரு தனி வீட்டுக்காரராகக் கேட்பதைவிடக் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் கேட்பது வலுவானது. மொட்டைமாடியில் தட்டோட்டுக்கு இடையே பூச்சு விட்டுப்போயிருக்கிறதா, மழை நின்று ஒரு நாள் கழித்தும் தண்ணீர் தேங்கி நிற்கிறதா, கட்டடத்தின் இரண்டு பகுதிகளுக்கு இடையே உள்ள விரிவு இடைவெளியில் தண்ணீர் இறங்குகிறதா, வாகன நிறுத்தத்தில் தூண்களின் அடியில் உப்புப் பூத்திருக்கிறதா, நிலத்தடித் தொட்டியில் இரவு நின்ற மட்டம் காலையில் இறங்கியிருக்கிறதா, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் சொன்ன கொள்ளளவுக்கு ஓடுகிறதா: இவற்றைச் சங்கம் பொறியாளரை வைத்துப் பார்க்க வேண்டும். செலவைப் பகிர்ந்துகொண்டால் ஒரு வீட்டுக்குச் சொற்பமே வரும். பொதுப்பகுதி எப்போது சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது என்ற தேதி வேறாக இருக்கலாம். இங்கும் முந்தைய தேதியையே எண்ணுங்கள்.

உங்கள் நாட்காட்டி இப்படி இருக்கட்டும். அக்டோபர் தொடக்கத்தில், மழைக்கு முன், முதல் சோதனை: கட்டமைப்பு, மின்சாரம், டைல்ஸ், விரிசல்களின் அளவு. நவம்பரில் இரண்டு மூன்று நாள் விடாது பெய்த மறுநாள் இரண்டாம் சோதனை: ஓதமும் கசிவும் மட்டும். டிசம்பர் நடுவுக்குள் அறிவிப்பு பில்டர் கையில் இருக்க வேண்டும். 30 நாள் கழிந்தாலும் ஜனவரிதான் ஆகும். செய்த வேலையைத் திரும்பப் பார்க்கவும், விட்டுப்போனதை மறுபடி எழுதவும் ஏப்ரலுக்கு முன் அவகாசம் இருக்கும்.

அறிவிப்பில் ஒவ்வொரு குறைக்கும் எண் போடுங்கள். எந்த அறை, எந்தச் சுவர், எப்போதிலிருந்து, அளவு என்ன, படம் எது என்று எழுதுங்கள். "பூச்சைச் சரிசெய்யவும்" என்று எழுதாமல், "கசிவின் காரணத்தைக் கண்டறிந்து அதை நீக்கவும், எந்த முறையில் செய்யப்போகிறீர்கள் என்று முன்கூட்டி எழுத்தில் தெரிவிக்கவும்" என்று எழுதுங்கள். பொறியாளர் அறிக்கையை இணைத்து, மின்னஞ்சலிலும் ஒப்புகையுடன் கூடிய தபாலிலும், பில்டரின் பதிவு அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப் செய்தியையும் பில்டரின் செயலியில் போட்ட புகாரையும் மட்டும் நம்பாதீர்கள். செயலியில் "தீர்க்கப்பட்டது" என்று அவர்களே மூடிவிட முடியும். அதற்கு முன் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பில்டர் தரப்பில் வரும் முதல் பதில், "நீங்கள் இன்டீரியர் வேலை செய்ததால்தான் இப்படி ஆனது" என்பதாக இருக்கும். சில இடங்களில் அது உண்மையும்கூட. சுவரை வெட்டிக் குழாயை மாற்றியிருந்தால் அந்த இடத்துக்கு அவர் பொறுப்பேற்க மாட்டார். குடியேறும் முன் எடுத்த படங்கள், இன்டீரியர் வேலைக்காரரின் வரைபடம், பில் ஆகியவற்றைத் தேடி எடுத்துவையுங்கள். பால்கனித் தளத்துக்கும் உங்கள் அலமாரிக்கும் தொடர்பில்லை என்பதைப் பொறியாளரின் அறிக்கையிலேயே ஒரு வரியாக எழுதச் சொல்லலாம்.

30 நாளில் நடக்கவில்லை என்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். இழப்பீட்டைத் தீர்ப்பு வழங்கும் அலுவலர் முடிவுசெய்வார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியும் அடைபடவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியிருக்கிறது. ஒரே பரிகாரத்துக்கு இரண்டு இடத்திலும் போகாமல், வழக்கறிஞரிடம் பேசி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சொந்த மனையில் மேஸ்திரியையோ ஒப்பந்தக்காரரையோ வைத்து வீடு கட்டியவர்களுக்கு மேலே சொன்ன ஐந்தாண்டுப் பாதுகாப்பு இல்லை. அவர்களுக்கு ஒப்பந்த வாசகமும் நுகர்வோர் சட்டமும்தான். அங்கே புகாருக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுதான் காலவரம்பு. ஆகவே கடைசித் தவணையில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வதுதான் அவர்களுக்கு உள்ள நல்ல காப்பு.

கடைசியாக ஒரு காகிதம் பற்றி. வேலை முடிந்ததும் மேற்பார்வையாளர், "அனைத்துக் குறைகளும் திருப்திகரமாகச் சரிசெய்யப்பட்டன, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சடித்த தாளை நீட்டுவார். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். "இன்ன தேதியில் இன்ன அறையில் இன்ன வேலை நடந்தது, தண்ணீர் தேக்கிச் சோதித்ததில் இன்ன முடிவு, அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு மீண்டும் பார்க்கப்படும்" என்று உங்கள் கையெழுத்தில் எழுதி, அதன் கீழே அவரையும் கையெழுத்திடச் சொல்லுங்கள். மறுத்தால், அதே வாசகத்தை அன்று மாலையே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.